பச்சைக்குக் கீழே சிவப்பு

மின்கிற்றார்களின் புகழ்பெற்ற நிறங்களிற் பல, கார்களிடமிருந்து இரவல் பெறப்பட்டவை. அமெரிக்காவின் டூபொன்ட் நிறுவனம் தயாரித்த டூகோ என்னும் நைட்ரோசெலுலோஸ் லாக்கர் 1920களில் கார்த் தொழிலையே மாற்றியது. பூச்சுக் காய்வதற்கு நாட்கணக்கில் காத்திருந்தவர்கள் சில மணி நேரத்தில் அடுத்த வேலைக்குப் போனார்கள். 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ஃபென்டர் நிறுவனம் அதே டூபொன்ட் நிறங்களை எடுத்து, 5 சதவீதம் கூடுதலாகக் கொடுப்பவர்களுக்கு விரும்பிய நிறத்தில் கிற்றார் செய்துகொடுத்தது. பியெஸ்டா ரெட் என்ற சிவப்பு ஃபோர்ட் தண்டர்பேர்ட் காரினுடையது. சோனிக் புளூ என்ற வெளிர்நீலம் கடிலாக்கினுடையது.

ஆகவே, காலஞ்சென்ற நண்பர் ஒருவரின் கிற்றாரைக் கொழும்பில் ஒரு கார் கராஜுக்குக் கொண்டுபோகவேண்டி வந்தபோது எனக்கு அதில் விசித்திரம் எதுவும் தோன்றவில்லை.

நண்பர் எங்கள் பத்திரிகையில் ஒப்புநோக்காளராக இருந்தவர். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்கள் இலங்கைத் தமிழரிடையே கொடிகட்டிப் பறந்த 1970களில், அவரும் ஒரு சிறு குழுவில் வாசித்தார். இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். கப்பலில் வேலைசெய்த ஒருவரிடம் பழைய ஜப்பானிய கிற்றாரை வாங்கினார். சிவப்பு ஆங்காங்கே உரிந்திருந்ததால், கிடைத்த பச்சை எனாமலைத் தூரிகையால் பூசினார். கதவு, ஜன்னலுக்குப் பூசும் எனாமல்தான்! வலது முன்கை படும் விளிம்பில் அந்தப் பச்சை தேய்ந்து, உள்ளேயிருந்த சிவப்பு ஒரு வாழையிலைக் கீற்றளவுக்குத் தெரிந்தது.

ரொறன்ரோவிலிருந்து வந்த அவருடைய மகள், "அப்பா வாசிச்ச மாதிரியே இருக்கவேணும் மாமா, ஆனால் உரியக்கூடாது" என்றாள்.

இந்த இரண்டும் ஒன்றாக நடவாது என்பதைப் பெயின்ட் பாஸ் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிட்டார். சிங்களவர், கார்களோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவர். உதிரும் எனாமலின் மேல் கிளியர் அடித்தால் பிடிப்பு இருக்காது, அதிலுள்ள தின்னர் பழைய பூச்சைச் சுருங்கவும் வைக்கலாம் என்றார். மரம் தெரியும்வரை சுரண்டவேண்டும். சுரண்டினால் முன்கையின் தடமும் போய்விடும். வேண்டுமானால் அந்த இடத்தில் சிவப்பை அடித்துத் தேய்ந்ததுபோலக் காட்டலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். மகள் மறுத்துவிட்டாள். எனக்கும் அதுதான் சரியெனப் பட்டது. வாசிக்காத கை தேய்த்த தேய்வு யாருக்கு வேண்டும்?

அடுத்தது, எந்தப் பச்சை என்ற கேள்வி. தந்திகளுக்குக் கீழே திருகியிருந்த பிளாஸ்டிக் தட்டைக் கழற்றியபோது, வெளிச்சமும் வியர்வையும் படாத பச்சை இளந்தளிராக இருந்தது. வெளியே இருந்ததோ மஞ்சளோடிய, வாடிய பச்சை. நண்பர் பூசியது முதலாவது. மகள் பிறந்ததிலிருந்து பார்த்தது இரண்டாவது. பாஸ் முதலாவதையே விரும்பினார், அதுதான் அசல் என்றார். அசல் என்று பார்த்தால் அதற்கும் கீழே சிவப்பல்லவா இருக்கிறது! மகள் நெடுநேரம் பேசாமல் நின்று, வாடிய பச்சையைக் காட்டினாள். பஞ்சிகாவத்தைப் பக்கமாக, கார் பெயின்ட் கலந்துகொடுக்கும் கடையொன்றில் அதன் ஒரு சில்லைக் கொடுத்தோம். மூன்றாவது தடவையில்தான் நிறம் பொருந்தியது.

பிறகு நடந்தவை பெரும்பாலும் பொறுமை வேலை. 240, 320 இலக்க சான்ட் பேப்பர், பிரைமர், 400இல் மீண்டும் தேய்ப்பு, நிறம், கிளியர். வாட்டர் பேப்பரால் தேய்க்கும்போது திருகுத் துளைக்குள் நீர் இறங்கினால் மரம் உப்பிப் பூச்சு வெடிக்கும் என்று பாஸ் ஒவ்வொரு துளையிலும் ஈர்க்கைச் செருகினார். கழுத்து பொருந்தும் பள்ளத்தை டேப்பால் மூடினார். அங்கே பூச்சுத் தடித்தால் கழுத்துச் சரியாக உட்காராது.

கிளியர் அடிக்கும் நாளில் எங்களை வெளியே போகச் சொன்னார். இரு பாகங்களைக் கலந்து அடிக்கும் இந்தக் கிளியரின் கடினமாக்கியில் ஐசோசயனேற் உண்டு. அதன் புகாரைச் சுவாசித்தால் தீராத ஆஸ்துமா வரலாம். இவரிடம் குழாய்வழி சுத்தமான காற்று வரும் முகமூடி இருந்தது. லேஞ்சியைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இதைப் படித்துவிட்டு வீட்டு முற்றத்தில் முயலவிரும்புவோர் இந்தப் பந்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்கவேண்டும்.

ஒரு வாரம் காயவிட்டு, 1000, 1500, 2000 எனத் தேய்த்து, கொம்பவுண்ட் போட்டு மினுக்கினார். கண்ணாடிபோல இருந்தது. நண்பரிடம் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வயர்கள் இருக்கும் குழியை மட்டும் மகள் தொடவிடவில்லை. அதன் சிவப்புச் சுவரில், தூரிகையிலிருந்து வழிந்த ஒரு பச்சைத் துளி உறைந்திருக்கிறது. தட்டைத் திருகி மூடுமுன் அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்துக்கொண்டாள்.

அவள் போனது மாசி மாதம். குளிரிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுபோனதும் பெட்டியைத் திறக்கவேண்டாம், ஒரு நாள் அப்படியே வைக்கச் சொல்லுங்கள் மாத்தயா என்று பாஸ் என்னிடம் சொல்லியனுப்பினார். சட்டென்று சூடேறினால் பூச்சில் கீறல் விழுமாம். ஒன்றரை நாள் காத்திருந்து திறந்ததாக எழுதியிருந்தாள்.