உள்ளங்காலில் ஒரு கறுப்பு

மெலனோமா என்பது தோலுக்கு நிறம் தரும் கலங்களில் தோன்றும் புற்றுநோய். அவுஸ்திரேலியாவில் அது வெள்ளைத் தோலரை வெயிலால் பிடிக்கும் நோய். அங்கு குடியேறிய மட்டக்களப்பார் சுவரொட்டிகளில் படிப்பதும் அதைத்தான். கறுத்த தோலில் மெலனோமா அரிது. வந்தால் பெரும்பாலும் வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. பாடகர் பொப் மார்லிக்கு 1977இல் கால்விரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுவே. 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

மட்டக்களப்பின் படுவான்கரை வயல் வட்டையில் வெறுங்காலோடு இறங்குபவருக்கும் வாவியில் வலை வீசுபவருக்கும் பாதத்தில் முள், ஆணி, மரு என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். அதனால் அங்கே ஒரு கறுப்பு படர்வதை யாரும் பொருட்படுத்துவதில்லை. சீனி வருத்தக்காரரின் ஆறாத புண் என்று மாதக்கணக்கில் மருந்து கட்டிய பின் நோய் தெரியவருவதும் உண்டு. வேதனையான தாமதம் அது.

இரு பக்கமும் ஒவ்வாத வடிவம், கிழிந்தாற்போன்ற ஓரம், பல நிறம், 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட அகலம் என்று மெலனோமாவின் நான்கு அடையாளங்களை நியூயோர்க் வைத்தியர்கள் 1985இல் வகுத்தனர். பின்னர் 'மாற்றம்' ஐந்தாவதாகச் சேர்ந்தது. பாதத்தைப் பொறுத்தவரை இந்த ஐந்தாவதே பெரிது. நிறமே இல்லாமல் இளஞ்சிவப்பாக வளர்பவையும் உள்ளன.

நகத்தில் அடிபட்டுக் கட்டிய இரத்தம் நகம் வளர வளர முன்னே நகர்ந்து போய்விடும். கால் பெருவிரலில் அதற்கு ஓராண்டுக்கு மேலாகலாம். பல நகங்களில் மெல்லிய கோடுகள் இருப்பது கறுத்த தோலருக்கு இயல்பு. ஒரே நகத்தில் தோன்றி, அகன்று, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பைப் பரப்பும் கோடுதான் சந்தேகத்துக்குரியது.

தோல் வைத்திய நிபுணர் டெர்மோஸ்கோப் என்னும் ஒளிக்கண்ணாடியால் பார்க்கிறார். உள்ளங்காலிலும் விரல்ரேகை போல வரப்பும் பள்ளமும் உண்டு. சாதாரண மச்சத்தின் நிறம் பெரும்பாலும் பள்ளத்தில் ஓடும், மெலனோமாவின் நிறம் வரப்பில் ஏறி நிற்கும். ஜப்பானிய வைத்தியர்கள் கண்டு சொன்ன இந்த வேறுபாடு அருமையானது.

முடிவு சொல்வது நுணுக்குக்காட்டிப் பரிசோதனையே. அதற்குக் கறுப்பை ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் ஓரத்தோடு முழுமையாக வெட்டி எடுக்கவேண்டும். மிகப் பெரிதாயின் ஒரு பகுதி போதும். ஆணி என்று நினைத்துச் சீவுவதும் மருந்து வைத்துச் சுடுவதும் ஆழத்தை அளக்கவிடாமல் செய்துவிடும். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ காட்டியபடி, அந்த ஆழமே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது: 1 மில்லிமீற்றருக்குள் எனில் பெரும்பாலானோர் பிழைக்கின்றனர்.