முந்தக் கூடாத மூன்று சுற்றுகள்



மிதிவண்டிப் பந்தயங்களுள் என் மனத்துக்கு நெருக்கமானது 'கெய்ரின்'. 250 மீட்டர் நீளமுள்ள சாய்வான மரத்தளத்தில் ஆறு சுற்றுகள். முதல் மூன்று சுற்றுகளில் 'டெர்னி' எனும் மோட்டார் வண்டி முன்னே செல்லும். மணிக்கு 30 கிலோமீட்டரில் தொடங்கி 50 வரை வேகத்தைக் கூட்டும். அது தடத்தை விட்டு விலகும்வரை எவரும் அதை முந்தக் கூடாது. பொறுமையே விதியாக எழுதப்பட்ட பந்தயம் இது.

1948-இல் ஜப்பானின் கொக்குரா நகரில், பணயம் கட்டும் ஆட்டமாகவே இது பிறந்தது. சூது நமக்கு ஹராம். ஆயினும் 2000-ஆம் ஆண்டு சிட்னி முதல் ஒலிம்பிக்கில் இது பதக்கத்துக்கான விளையாட்டாக நடைபெறுகிறது.

இதில் நம் கவனத்தை ஈர்ப்பவர் மலேசியாவின் திரங்கானு மாநிலத்தைச் சேர்ந்த அஸீஸுல்ஹஸ்னி அவாங். 2011-இல் மான்செஸ்டரில் விழுந்தபோது, தளத்தின் மரச்சிராய் ஒன்று, ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளமானது, அவருடைய கெண்டைக்காலை ஊடுருவிற்று. அந்நிலையிலும் எழுந்து ஓட்டத்தை முடித்தார். 2016-இல் ரியோவில் வெண்கலம். 2017-இல் உலக வாகையர். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், டெர்னி விலகியவுடனே பிரிட்டனின் ஜேசன் கென்னி பாய்ந்து எட்டாத தூரம் சென்றுவிட, எஞ்சியோரை வென்று இவர் வெள்ளி பெற்றார். 2022-இல் திறந்த இதய அறுவைச் சிகிச்சை. அதற்குப் பின்னும் 36 வயதில் பாரிஸுக்கு வந்தார். அங்கே முதற்சுற்றிலேயே, டெர்னி விலகுமுன் அதை முந்தியமைக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

அன்று அந்தச் செய்தியை என் தங்கை மகனுடன் சேர்ந்து பார்த்தேன். மருத்துவ நுழைவுத் தேர்வில் சில மதிப்பெண்களால் இடம் தவறியிருந்தான் அவன். உறவினர் கேள்விகளுக்கு அஞ்சி அறையை விட்டு அதிகம் வெளியே வராதிருந்த நாள்கள் அவை.

“மாமா, அவர் ஏமாற்றினாரா?” என்று கேட்டான்.

“இல்லை. விதி மீறப்பட்டது, அதற்குரிய தண்டனை கிடைத்தது. அவ்வளவே.”

சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “அப்படியானால் இத்தனை வருட உழைப்பும் வீண்தானே?” என்றான்.

அவன் யாரைப் பற்றிக் கேட்டான் என்பது எனக்குப் புரிந்தது. “ரியோவின் வெண்கலமும் டோக்கியோவின் வெள்ளியும் இன்று காலை இல்லாமற் போய்விட்டனவா?” என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. அன்றிரவு எங்களோடு அமர்ந்து உணவருந்தினான்.

ஸப்ரு என்பதை வெறும் காத்திருப்பு என்றே நாம் பலமுறை கருதிவிடுகிறோம். கெய்ரின் வேறொன்றைக் காட்டுகிறது. டோக்கியோவில் தயங்கியவர்கள் பின்தங்கினர். பாரிஸில் ஒரு கணம் முந்தியவர் வெளியேறினார். உரிய நேரம் வரும்வரை தன்னை அடக்குவதும், வந்தபின் தயங்காதிருப்பதும் சேர்ந்ததே பொறுமை. இவ்விரண்டையும் முயன்ற பின்னரும் முடிவு நம் கையில் இல்லை. அது அல்லாஹ்விடமே உள்ளது.

பெற்றோரே, தேர்வு முடிவு வெளிவரும் நாளில் உங்கள் பிள்ளையிடம் மதிப்பெண்ணைக் கேட்குமுன் “சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். அவனுடைய உழைப்பை நீங்கள் மறந்துவிடவில்லை என்பதை அந்த ஒரு கேள்வி சொல்லிவிடும், இன்ஷா அல்லாஹ்.