ஏடு மிதந்த காபி

மாதுங்காவில் நாம் குடியேறிய நாள்தொட்டு, பித்தளை பில்டரில் இறங்கிய டிகாக்ஷன் பாலைத் தவிர வேறெதனோடும் கலந்ததில்லை. சென்ற மார்கழியில் அந்நியமம் குலைந்தது.

அயர்லாந்தில் பாய்ன்ஸ் என்னும் ஊரில், நீர்மீது இறங்கும் விமானங்களுக்கான நிலையத்தில், 1943-ஆம் ஆண்டு வாக்கில் ஜோ ஷெரிடன் என்ற சமையற்காரர், குளிரில் நடுங்கி வந்த பயணிகளுக்குக் காபியில் விஸ்கி கலந்து, மேலே பாலேடு மிதக்கவிட்டுத் தந்தாராம். அதைச் செய்து பார்க்கத் துணிந்தோம். மது அருந்த மகாராஷ்டிரத்தில் இன்றும் உரிமச் சீட்டு வேண்டும். அது நம்மிடம் இருந்தது. அன்னையாரின் உத்தரவுதான் இல்லை.

முதல் முறை, நமது நீரிழிவுக்கு அஞ்சிச் சர்க்கரையை விலக்கினோம். வார்த்த ஏடு அடிக்குச் சென்று கலங்கிற்று. விஸ்கி காபியை இலேசாக்குவது; சர்க்கரை கரைந்தால்தான் அது கனத்து ஏட்டைத் தாங்கும். ஒருநாளைக்குத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, மறுமுறை வெந்நீர் கூட்டிய சூடான டிகாக்ஷனில் இரண்டு கரண்டி சர்க்கரையும் 40 மில்லி விஸ்கியும் சேர்த்தோம். வழியும் பதத்திலேயே கடைவதை நிறுத்திய குளிர்ந்த ஏட்டைக் கரண்டியின் முதுகில் மெல்ல வார்த்தோம். நின்றது! கலக்காமல், அக்குளிர்ச்சியினூடே சூட்டை உறிஞ்ச வேண்டும். சிக்கரியின் கசப்பு விஸ்கிக்கு இசைந்ததென்றே சொல்வோம்.

மதுவிலக்குக் காலத்துச் சேலத்தில் வளர்ந்த அன்னையார் அப்பொழுது உள்ளே வந்தார். வசவுக்குக் காத்து நின்றோம். பில்டரைத் திறந்து பார்த்தவர், "முதல் டிகாக்ஷனையாடா இதுலே கொட்டினே?" என்று மட்டும் கேட்டார். புட்டியைப் பற்றி இன்றளவும் ஒரு சொல் சொன்னாரில்லை. அதுதான் நம்மை உறுத்துகிறது.