பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்கு முதுகுப்பையுடன்

2002 செப்டெம்பர் 16 முதல் 18 வரை, தாய்லாந்தின் சட்டஹிப் கடற்படைத் தளத்தில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே முதற்சுற்றுப் பேச்சுவார்த்தை நடைபெற்றது. செய்தி சேகரிக்கச் சென்ற ஊடகவியலாளர்களில் நாங்கள் மூவரும் இருந்தோம். பேச்சு முடிந்ததும் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, பாங்கொக்கின் காவோ சான் வீதியில் ஆளுக்கொரு முதுகுப்பை வாங்கி, இரவு ரயிலில் சியாங் மாய் நோக்கிப் புறப்பட்டோம். எங்கள் மூவருக்கும் நாற்பது கடந்திருந்தது. சுற்றிலும் இருந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இருபதுதான் இருக்கும். அவர்களோடு சேர்ந்து மலிவான விடுதிகளில் உறங்கி, தெருக்கடைகளில் உண்டு திரிந்த அந்த நாட்களில் ஒருவர் சொன்னார்: "சமாதானம் வந்தால் வன்னியையும் இப்படி நடந்து பார்க்கவேணும்."

அந்த நண்பர் 2006இல் கனடாவுக்குப் போய்விட்டார். நடை கைகூடியது 2018 பெப்ரவரியில். அப்போது அவருக்கு முழங்கால் வலி, மற்றவருக்கு நீரிழிவு. எனக்கும் இரண்டிலும் கொஞ்சம் பங்குண்டு.

வன்னி எங்களுக்குப் புதிய இடமன்று. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்த பின்னர் பலமுறை வந்திருக்கிறோம். ஓமந்தையைத் தாண்டியதும் கைக்கடிகாரத்தை அரை மணி நேரம் பின்னுக்குத் திருப்புவோம். 1996இல் கொழும்பு நேரத்தை மாற்றியபோது புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மாற்றவில்லை. 2006 ஏப்ரலில் கொழும்பே பழைய நேரத்துக்குத் திரும்பியது வேறு கதை. ஆனால் வாகனத்தில் வந்து வாகனத்திலேயே போனோம். வீதியின் இரு மருங்கிலும் மண்டையோடு வரைந்த கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்ற காலம் அது. யாழ்ப்பாணம் போகிறவர்களுக்கு இன்றும் வன்னி என்பது, முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் பத்து நிமிடம்தான்.

ஆகவே ஏ-9ஐ விட்டு, பரந்தனிலிருந்து கிழக்கே முல்லைத்தீவு செல்லும் ஏ-35 வீதியைத் தெரிந்தோம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர். மூன்று நாள் என்று திட்டம்.

முரசுமோட்டையில் காலபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. இரணைமடு நீர் பாயும் வயல்கள். வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருந்தார்கள், வாகனங்கள் மறுபாதியால் விலகிப் போயின. எங்களைக் கண்ட முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் மெதுவாக்கி, "ஐயாமார், ஏறுங்கோ, காசு வேண்டாம்" என்றார். நடந்து போகத்தான் வந்தோம் என்றதை அவர் நம்பவில்லை. தருமபுரம் வருவதற்குள் இன்னும் நான்கு பேர் அவ்வாறே கேட்டனர். தாய்லாந்தில் முதுகுப்பையைக் கண்டால் விடுதிக்கு ஆள் பிடிக்க வருவார்கள். இங்கே பையோடு நடக்கிறவன் ஏதோ துன்பத்தில் இருக்கிறான் என்றே எவரும் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏன் என்பது அடுத்த நாள் உடையார்கட்டில் விளங்கிற்று. தேநீர்க்கடை ஒன்றில் பைகளை இறக்கி வைத்தோம். கடையை நடத்திய அம்மாவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. எங்கள் பைகளைப் பார்த்து, "எங்கயிருந்து இடம்பெயர்ந்து வாறியள்?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவரே பேசத் தொடங்கினார்.

2009 சனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தபோது அவரது குடும்பம் தருமபுரத்தில் இருந்தது. அதற்கு முன்னரே வீட்டுக் கூரைத் தகரங்களையும் கதவுகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றியிருந்தார்கள். தகரங்கள் விசுவமடுவோடு நின்றன. தையல் இயந்திரம் உடையார்கட்டில், இப்போதைய கடைக்குப் பின்புறம் ஒரு மரத்தடியில் நின்றது. அந்த மாதம் 21ஆம் திகதி அரசு அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் அது என்று நம்பி வந்தவர்கள், அங்கும் எறிகணை விழ, மீண்டும் நடந்தார்கள். கூறைச்சேலை உட்பட எல்லாச் சேலைகளையும் வெட்டி மண் நிரப்பிப் பதுங்குகுழிக்கு அடுக்கினார்கள். "பிறகு உரப்பை ஒண்டு. அதுவும் கனத்துப் போச்சு. கடைசியிலை ஒரு சொப்பிங் பைதான்."

அந்தப் பையில் என்ன இருந்தது என்று, செய்தியாளர் பழக்கம் விடாமல், கேட்டேன். பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், வங்கிப் புத்தகம், காணி உறுதி, மகனின் ஒரு படம். மகனைப் பற்றி அவர் அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்கள் கேட்கவில்லை. அந்தப் பையை நெஞ்சோடு அணைத்தபடி வட்டுவாகல் பாலத்தைக் கடந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தலைமாட்டில் வைத்துப் படுத்ததாகச் சொன்னார். உறுதி கையில் இருந்தபடியால் காணியைத் திரும்பப் பெறுவதில் சிக்கலிருக்கவில்லை. அடுத்த வளவுக்காரரின் உறுதி உழவு இயந்திரப் பெட்டியோடு எரிந்துவிட்டது. அவர் ஒன்பது வருடமாகக் காணிப் படிவங்களோடு அலைவதாகச் சொல்லி, உள்ளே போய் வடை கொண்டுவந்தார். காசு வாங்க மறுத்தார். கனடா நண்பர் வற்புறுத்திக் கொடுத்தபோது, "நடக்கிற ஆக்களிட்டை என்னெண்டு வாங்கிறது?" என்றார்.

எங்கள் பைகளில் இருந்தவற்றை அன்றிரவு புதுக்குடியிருப்பு விடுதியில் பார்த்தேன். மாத்திரைகள், கைபேசி மின்னேற்றி, மூன்று சோடி காலுறை, நுளம்புக் களிம்பு. எட்டுக் கிலோ இருக்கும். நண்பர்கள் இருவரும் அன்று அதிகம் பேசவில்லை.

மூன்றாம் நாள் முள்ளிவாய்க்காலில் நாங்கள் எடுத்த படங்கள் சொற்பம். பற்றைகளுக்குள் துருப்பிடித்த சைக்கிள் விளிம்புகள் கிடந்தன. கடற்கரைப் பக்கம் மணலில் பிளாஸ்டிக் செருப்புகள், போத்தல்கள், துணி கிழிசல்கள். இறுதியாக விட்டுச் சென்ற பொருட்கள் அவை. வட்டுவாகல் பாலம் நீர்மட்டத்தோடு தாழ்ந்து கிடந்த, ஒரு வாகனம் மட்டுமே போகக்கூடிய ஒடுங்கிய பாலம். 2009 மே நடுப்பகுதியில் பல்லாயிரம் பேர் இதன் வழியாகத்தான் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தார்கள். நாங்கள் கடந்தபோது நந்திக்கடலில் இருவர் இறாலுக்கு வலை வீசிக்கொண்டிருந்தனர். பரந்தனிலிருந்து நடந்து வருகிறோம் என்றதும் ஒருவர், "எத்தினை நாள்?" என்றார். மூன்று நாள் என்றோம். "எங்களுக்கு நாலு மாதத்துக்கு மேலை போச்சு" என்று சொல்லிவிட்டு வலையை உதறினார்.

இந்த வழியில் நடக்க விரும்பும் இளைஞர்களுக்குச் சில குறிப்புகள். மாரி மழை ஓய்ந்த மாசி, பங்குனியே உகந்த காலம். விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையே நிழல் குறைவு, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர் வேண்டும். பரந்தன் – முல்லைத்தீவு பஸ் ஓடுகிறது, இயலாவிட்டால் கைகாட்டி ஏறலாம். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் வீதியை விட்டு இறங்காதீர்கள். தேநீர்க்கடையில் பையை இறக்கியதும் எவராவது எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்பார்கள். அவசரப்படாமல் உட்காருங்கள்.