விசில் ஒலித்த பின்பு



நம் சபைப் பிள்ளைகளில் பலர் மாலைதோறும் கூடைப்பந்து ஆடச் செல்கிறார்கள். போட்டி நாட்களில் பெற்றோராகிய நீங்களும் மைதானத்தின் ஓரத்தில் நிற்கிறீர்கள். விசில் ஒலித்தவுடன் பிள்ளைகள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்ததுண்டா? தங்கள் பயிற்சியாளரின் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர் கையை உயர்த்திக் கத்தினால், சற்று நேரத்தில் அவர்களும் கத்துகிறார்கள். ஆகவே, பயிற்சியாளரும் நடுவரும் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்த வேண்டும் என்பதை இவ்வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன்.

1891-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இவ்விளையாட்டை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித், இறையியல் பயின்றவர். அவர் வகுத்த 13 விதிகளில் இரண்டு நடுவர்களின் கடமைகள் உண்டு. பயிற்சியாளரைப் பற்றிய பேச்சே இல்லை. இன்றைய சர்வதேச விதிகளோ பயிற்சியாளருக்கு இடம் தருகின்றன. கூடவே எல்லையும் வகுக்கின்றன. அவர் அநாகரிகமாக நடந்தால் டெக்னிக்கல் பவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. இரண்டாம் முறை அவ்வாறு நடந்தால் அவர் வெளியேற வேண்டும். ஒருவருடைய கோபத்திற்கு அணியின் பிள்ளைகள் எல்லாரும் விலை கொடுக்கிறார்கள்.

நம் துறைமுகத்திற்கு வரும் கப்பலில் பைலட் ஏறுவதை நினைத்துப் பாருங்கள். கப்பலை நன்கு அறிந்தவர் கேப்டன்; துறைமுகத்தின் நீர்வழியை நன்கு அறிந்தவர் பைலட். முதலில் இருவரும் தகவல்களைப் பரிமாறிக்கொள்கிறார்கள். ஐயம் எழுந்தால் கேப்டன் கேட்கலாம். ஆனால் மாலுமிகளின் முன் ஒருவரையொருவர் இழிவுபடுத்தினால் கப்பல் பத்திரமாகக் கரைசேருமா?

அவ்வாறே, பயிற்சியாளர் ஆட்டத்திற்கு முன்பே நடுவரை வாழ்த்தட்டும். விளக்கம் வேண்டுமானால் ஆட்டம் நின்றிருக்கும் வேளையில், அணித்தலைவர் வழியாகப் பணிவாகக் கேட்கட்டும். சகோதரன் தவறினால் முதலில் தனித்துச் சென்று பேசும்படி நம் ஆண்டவர் மத்தேயு 18-ஆம் அதிகாரத்தில் போதித்ததை நாம் அறிவோம். கூட்டத்தின் முன் ஏளனம் செய்வது அந்த வழியன்று.

நடுவருக்கும் கடமை உண்டு. கேள்வி கேட்பவரைப் பகைவராக எண்ணாமல், ஒரே வாக்கியத்தில் அமைதியாக விடையளிக்கட்டும். "நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை, சார்" என்று சொல்வதால் அவருடைய அதிகாரம் குறைந்துவிடாது. ஒரு தவறான தீர்ப்பைச் சரிக்கட்ட மறுபக்கம் இன்னொரு தவறான தீர்ப்பு வழங்குவது இரட்டை அநீதி. சாலொமோன் நியாயம் விசாரிக்கத் தேவனிடம் கேட்டது ஞானமுள்ள இருதயத்தை. பிறரை அடக்கும் வல்லமையை அன்று.

"தீர்ப்பு உண்மையிலேயே தவறாக இருந்தால்?" என்று நீங்கள் கேட்கலாம். அதனால் ஒரு பிள்ளை மாவட்ட அணியில் தன் இடத்தை இழக்கவும் கூடும். அது சிறிய இழப்பன்று. நடுவரை மதிப்பது என்றால் தவறைச் சரியென்று ஒப்புக்கொள்வதன்று. விதிகள் அனுமதிக்கும் முறையீட்டை உரிய நேரத்தில் உறுதியாகச் செய்யலாம். அந்தப் பிள்ளை நாளை தேர்வறையிலும் வேலைத்தலத்திலும் தவறான தீர்ப்புகளைச் சந்திப்பான். அப்போது தன் மரியாதையை இழக்காமல் நியாயம் கேட்க அவன் எங்கே கற்றிருப்பான்?

பிரியமானவர்களே, அடுத்த போட்டிக்குச் செல்லும்போது, முடிவு எதுவாயினும், நடுவரிடம் சென்று நன்றி கூறுங்கள். உங்கள் பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.