விளையாட்டா, விலையாட்டா?

எல்லார் வீட்டிலும் பொங்கல் நல்லபடியாகப் பொங்கியிருக்கும் என்று நம்புகிறேன். பண்டிகை வேலை ஓய்ந்து இன்றுதான் நிதானமாக உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இங்கேயும் தாராளமாக விடலாம். இப்போது என் கையில் பிரம்பு இல்லை.

அரையாண்டு விடுமுறைக்குக் கோவையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். நான் போய் இறங்கிய அன்றே பக்கத்தில் வந்து உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டான். காரியம் இல்லாமல் காலைப் பிடிக்கிற பிள்ளை இல்லை.

"அப்பத்தா, பிஎஸ் ஃபைவ் வந்து அஞ்சு வருஷம் ஆகப்போகுது. இப்பப் போய் வாங்குறது லாபமா, நட்டமா? நீ கணக்கு டீச்சர்தானே, நீயே சொல்லு."

பிளேஸ்டேஷன் 5 என்பது டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டி. தெரியாத என் வயதுக்காரர்களுக்காகச் சொல்கிறேன், மற்றவர்கள் சிரிக்க வேண்டாம். எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும்.

"வாயால சொன்னா நான் கேக்க மாட்டேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரையோட கட்டுரையா எழுதிக் குடு" என்றேன். ஓடிப்போய்விடுவான் என்று நினைத்தேன். மறுநாள் காலை நாலு பக்கம் எழுதி, அட்டவணை போட்டு, அடிக்கோடிட்டுக் கொண்டுவந்து நீட்டினான்.

கைப்பையில் இன்னமும் சிவப்புப் பேனா வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. தலைப்பிலேயே பிழை. "விளையாட்டு" என்று எழுத வேண்டியதை "விலையாட்டு" என்று எழுதியிருந்தான். சுழிக்கப் போனேன். உள்ளே விலையைப் படித்த பிறகு, பையன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று தோன்றியது.

அவன் எழுதியதன் சாரம் இது. இந்தப் பெட்டி வெளிநாடுகளில் 2020 நவம்பரிலும், நம் நாட்டில் 2021 பிப்ரவரி 2ஆம் தேதியும் வந்தது. டிஸ்க் போடும் வசதியுள்ள பெட்டி அன்று 49,990 ரூபாய். மறுவருஷக் கடைசியில் 54,990 ஆக்கினார்கள். டிவி, செல்போன் எல்லாம் பழசாகப் பழசாக விலை இறங்கும் என்பதுதான் நம் அனுபவம். இதே கம்பெனியின் இரண்டாவது பெட்டி 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்து, 2009இல் 99 டாலருக்கு இறங்கியது. ஐந்தாவது பெட்டியோ அங்கே 499 டாலருக்கு வந்து, 2025 ஆகஸ்டில் 549 ஆகிவிட்டது. ஆகவே "கொஞ்ச நாள் பொறுத்தால் விலை இறங்கும்" என்ற நம் வீட்டு ஞானம் இதில் பலிக்கவில்லை. பண்டிகைக் காலத்தில் சில ஆயிரம் குறைத்துத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, "புதுசு வந்துவிட்டால் இது குப்பைக்குப் போய்விடாதா?" என்று என் மருமகள் கேட்ட கேள்வி. அதற்கும் பதில் எழுதியிருந்தான். இந்தப் பெட்டிகள் வந்த வருஷங்கள் 2000, 2006, 2013, 2020. இடைவெளி ஆறு, ஏழு, ஏழு. இதை வைத்துப் பார்த்தால் அடுத்த பெட்டிக்கு இன்னும் ஓரிரு வருஷமாவது ஆகும். புதுசு வந்த அன்றே பழையதைக் கைவிட்டுவிடுவதும் இல்லை. ஐந்தாவது பெட்டி வந்து இரண்டு வருஷம் கழித்து, 2022 நவம்பரில் வந்த 'காட் ஆஃப் வார் ரக்னராக்' நாலாவது பெட்டிக்கும் சேர்த்தேதான் வந்தது. நாலாவது பெட்டியின் ஆட்டங்களில் பெரும்பாலானவை ஐந்தாவதில் ஓடும். அதாவது, கடைசியில் வாங்குகிறவனுக்கு ஒரு லாபம் உண்டு. பத்துப் பன்னிரண்டு வருஷத்து நல்ல ஆட்டங்கள் அவனுக்காகக் காத்திருக்கின்றன, அவற்றின் பழைய டிஸ்க்குகளும் மலிவாகக் கிடைக்கின்றன.

டிஸ்க் இல்லாத பெட்டியும் இருக்கிறது, விலை குறைவு. ஆனால் டிஸ்க் வசதி இல்லாதவரை அதில் ஆட்டங்களை இணையத்தில் மட்டுமே வாங்க முடியும். அவற்றை யாருக்கும் இரவல் கொடுக்க முடியாது, ஆடி முடித்ததும் விற்கவும் முடியாது. இந்த இடத்தில் நான் பேரனுக்கு ஒரு 'மிக நன்று' போட்டேன். வகுப்பு மூலையில் தகரப் பெட்டியில் நூறு புத்தகம் வைத்து, முப்பது வருஷம் இரவல் கொடுத்தவள் நான். இரவல் கொடுக்க முடியாத பொருளை எனக்குப் பிடிக்காது.

சரி, இனி என் கணக்கு. பெட்டி 55,000. பெட்டியோடு ஒரு கன்ட்ரோலர்தான் வரும், இன்னொன்று வேண்டுமென்றால் 6,000. பழைய டிஸ்க்குகளாகப் பார்த்து வாங்கினாலும் ஆட்டங்களுக்கு வருஷம் 8,000 என்று வைத்துக்கொண்டால், ஐந்து வருஷத்துக்கு 40,000. மொத்தம் 1,01,000 ரூபாய். இணையம் வழியாக நண்பர்களோடு ஆட வேண்டும் என்றால், பெரும்பாலான ஆட்டங்களுக்குச் சந்தா தனி. அதை வேண்டாம் என்று தள்ளிவிட்டேன். வாரம் ஐந்து மணி நேரம் ஆடினால் ஐந்து வருஷத்தில் 1,300 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 78 ரூபாய். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் ஆளுக்கு 39. குடும்பத்தோடு சினிமாவுக்குப் போய்வரும் செலவைப் பார்த்தால் இது ஒன்றும் மோசமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது, கவனியுங்கள். வாரம் முப்பது மணி நேரம் ஆடினால் மணிக்கு 13 ரூபாய்தான். கூடுதலாக ஆட ஆட 'லாபம்'. கணக்கு சரிதான், பையன்தான் வீணாய்ப் போவான். மணிக்கு என்ன விலை என்று மட்டும் பார்த்துப் பொருள் வாங்கினால் வருகிற வினை இது. அதனால் முதலில் நேரத்தை முடிவு செய்ய வேண்டும், அதற்குப் பிறகுதான் வகுத்தல்.

இவ்வளவையும் ஓரத்தில் குறித்துக்கொண்டே முடிவுரைக்கு வந்தேன். அவன் எழுதியிருந்த கடைசி வரி இது:

"நான் அரையாண்டில் 90 சதவீதம் எடுத்தால் வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார். எனவே இது எங்களுக்கு இலவசம்."

சிவப்புப் பேனா அங்கேயே நின்றுவிட்டது.

2000ஆம் வருஷம் ஜூன் மாதம். என் மகன் பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைக்கிறான். பக்கத்து வீட்டில் டிவியில் மாட்டி ஆடுகிற வீடியோ கேம் வாங்கியிருந்தார்கள். கேசட் செருகுவது, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். தனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டான். "450 எடு, மறுநாளே வாங்கித் தரேன்" என்றேன். ஆசிரியப் பயிற்சியில் ஊக்குவித்தல் பற்றிப் படித்தவள் அல்லவா. வருஷம் முழுக்கப் பிள்ளை அப்படிப் படித்தான். விடியற்காலையில் நான் எழுப்பியதே கிடையாது.

ஐந்நூற்றுக்கு 447 வந்தது.

வாங்கித் தந்திருக்கலாம். பணம் எடுத்துத் தனியாகத்தான் வைத்திருந்தேன். ஆனால் மூன்று குறைந்தாலும் குறைவு குறைவுதான், சொன்ன வாக்கில் நின்றால்தான் பிள்ளைக்கு ஒழுங்கு வரும் என்று நினைத்தேன். "450 தானேப்பா சொன்னேன்" என்றேன். "சரிம்மா" என்றான். அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. அந்தப் பணத்தை அஞ்சலகச் சேமிப்பில் போட்டேன். பிறகு எதற்கு எடுத்தேன் என்றுகூட நினைவில்லை.

அதற்குப் பிறகு அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. கல்லூரிக்குப் போக வண்டி கேட்கவில்லை, செல்போன் கேட்கவில்லை. எல்லாம் அவன் சம்பளத்தில் அவனே வாங்கிக்கொண்டான். "எம்பிள்ளை எதுக்கும் ஆசைப்பட மாட்டான், ரொம்பப் பொறுப்பு" என்று ஆசிரியர் அறையில் எத்தனை முறை பெருமை பேசியிருப்பேன்! அது பொறுப்பில்லை, கேட்டுப் பயனில்லை என்று தெரிந்துகொண்டது என்பது, பேரனின் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியைக்கு இருபத்தைந்து வருஷம் ஆனது இந்தப் பாடம் புரிய.

அன்று ராத்திரி மொட்டை மாடியில் மகனிடம் கேட்டேன்.

"தம்பி, உன் பத்தாம் வகுப்பு மார்க் ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் எங்கம்மா ஞாபகம் இருக்கு" என்று சிரித்தான். துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "சோசியல்ல ரெண்டு, தமிழ்ல ஒண்ணும்மா" என்றான்.

எனக்குப் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னேன். "நான் செஞ்சது தப்புய்யா. அந்தப் பெட்டியை வாங்குறதுன்னா வாங்கு, வேணாம்னா வேணாம்னு சொல்லு. மார்க்கோட முடிச்சுப் போடாத."

"அப்ப அவன் எதுக்குத்தான் படிப்பான்?"

"அந்த மூணு மார்க்குக்கு அப்புறம் நீ எதுக்குப் படிச்ச?"

அதற்கு அவன் பதில் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை மருமகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அவளுக்கு இருந்த கவலைகள் நியாயமானவை. கண் கெடும், பத்தாம் வகுப்பு வரப்போகிறது, வீட்டில் யாரும் யாரோடும் பேசாமல் போய்விடுவார்கள் என்றாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். பெட்டி கூடத்தில்தான் இருக்கும், பையனின் அறையில் இல்லை. வெள்ளி, சனி, ஞாயிறு சேர்த்து ஐந்து மணி நேரம். பிள்ளைகளின் கணக்குக்கு நேர வரம்பு, வயது வரம்பு, செலவு வரம்பு எல்லாம் பெற்றோர் வைக்கும் வசதி அந்தப் பெட்டியிலேயே இருக்கிறது. அதன் பாஸ்வேர்டு என் மருமகளிடம். மார்க் கூடினாலும் நேரம் கூடாது, குறைந்தாலும் குறையாது. படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒரே ஒரு சண்டை வந்தது. 2026 நவம்பர் 19ஆம் தேதி ஜிடிஏ 6 வரும் என்று அறிவித்திருந்தார்கள், பேரனின் கண் அதன் மேல். ஐந்தாவதன் உறையிலேயே 18 என்று பெரிதாகப் போட்டிருந்தது. வெட்டும் குத்தும் திருட்டுமான கதை. "பதினெட்டு வயசு ஆகட்டும்" என்றேன். "அதுக்குள்ள அடுத்தது வந்துரும் அப்பத்தா" என்றான். ஐந்தாவது வந்தது 2013இல். ஆறாவது வரப் பதின்மூன்று வருஷம். "கவலைப்படாத, உனக்குப் பதினெட்டு ஆகும்போதும் ஆறாவதுதான் இருக்கும்" என்றேன். கணக்கு அவனுக்கும் வரும், வாயை மூடிக்கொண்டான்.

ஜனவரி முதல் வாரம், விடைத்தாள் கையில் வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, போய் வாங்கிவிட்டோம். இரண்டாவது கன்ட்ரோலருக்கான ஆறாயிரம் என் ஓய்வூதியத்தில். அதை மட்டும் நான்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியிலேயே இலவசமாக ஒரு ஆட்டம் இருக்கிறது, ஒரு குட்டி ரோபோ ஓடுகிறது. அது மணலில் நடந்தால் ஒரு மாதிரி, பனிக்கட்டியில் நடந்தால் வேறு மாதிரி நம் உள்ளங்கையில் அதிர்கிறது. நானும் பிடித்துப் பார்த்தேன். பத்து நிமிஷத்தில் இருபது முறை பள்ளத்தில் விழுந்தேன். பிறகு பேரன் 'இட் டேக்ஸ் டூ' என்று ஒன்றைப் போட்டான். 2021இல் வந்த ஆட்டம், அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டம் என்று விருது வாங்கியதாம். பிரியப்போகிற கணவன் மனைவி பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். ஒருவர் உதவாமல் மற்றவர் ஒரு அடி நகர முடியாது. தனியாக ஆடவே முடியாது, இரண்டு பேர் வேண்டும்.

பேரன் என்னைக் கூப்பிட்டான். எனக்குக் கண் கட்டுகிறது, உங்கப்பாவைக் கூப்பிடு என்றேன்.

"எனக்கெல்லாம் தெரியாதுடா" என்றுதான் வந்து உட்கார்ந்தான், நாற்பது வயதுப் பிள்ளை. "அப்பா, குதி! இப்பக் குதி! ஐயோ அப்பா!" என்று பேரன் கத்துகிறான். இவன் விழுகிறான், சிரிக்கிறான், மறுபடி விழுகிறான். ஒரு மணி நேரம் ஆனதும் பெட்டி நேரம் முடிந்துவிட்டது என்று காட்டியது. "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று மருமகளிடம் கெஞ்சியது பேரன் இல்லை.

கேள்விக்குப் பதில் சொல்லாமல் முடித்தால் மதிப்பெண் கிடைக்காது, சொல்லிவிடுகிறேன். வீட்டில் நாலாவது பெட்டி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் அவசரமே இல்லை, அடுத்தது வரும்வரை இருங்கள். எதுவும் இல்லாத வீட்டுக்கு, டிஸ்க் போடும் பெட்டியாக, நேரத்தை முதலில் பேசி முடித்து, கூட உட்கார ஒரு ஆளும் இருந்தால் இப்போது வாங்கலாம். ஐம்பத்தைந்தாயிரம் பெரிய பணம். கடன் வாங்கி, தவணை கட்டி வாங்குகிற அளவுக்கு இது அவசியமான பொருள் இல்லவே இல்லை. முடியாது என்றால் முடியாது என்று பிள்ளையிடம் நேராகச் சொல்லுங்கள், புரிந்துகொள்ளும். மூன்று மார்க்கில் தோற்றாய் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என்னிடம் படித்தவர்களில் பலருக்கு இன்று பிள்ளைகள் பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இருக்கிறார்கள். "இவ்வளவு எடுத்தால் அது வாங்கித் தருவேன்" என்பதை என்னிடமிருந்தே கற்றிருப்பீர்கள். முதல் மதிப்பெண்ணுக்குப் பேனா கொடுத்தவள் நான். இரண்டாவதாக வந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த டீச்சரை மன்னித்துக்கொள்ளுங்கள்.

அரையாண்டு மார்க் வந்துவிட்டது. எவ்வளவு என்று யாரும் கேட்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்