இலேசான வண்டி

பொருளைப் பெறுதல் எளிது. பெற்ற பொருளைப் பேணுதல் அரிது. இவ்வுண்மையை நான் இளமையிலேயே நூல்களில் படித்திருந்தேன். ஆயினும் அதனை எனக்கு ஐயமறக் கற்பித்தது ஒரு சிறிய மோட்டார் வண்டியே ஆகும். கிழக்கு இங்கிலாந்தில் நான் வாழும் ஊரில், என் வீட்டுக் கொட்டகையில் அது நிற்கிறது. அதன் பெயர் லோட்டஸ் எலான். லோட்டஸ் என்றால் தாமரை. 1967ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற அவ்வண்டியில் இருவர் மட்டுமே அமரலாம். அதன் அருகில் நின்றால் கூரை என் மார்பளவுக்கே வரும். பெயருக்கு ஏற்ப நீரில் மிதக்கும் மலரைப் போல இலேசானது அது. எடை 700 கிலோகிராமுக்கும் குறைவு.

இவ்வகை வண்டியைப் படைத்த நிறுவனத்தைத் தொடங்கியவர் காலின் சாப்மன் (1928–1982) என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். அவர் இலண்டனில் கட்டடப் பொறியியல் பயின்றவர். பழைய ஆஸ்டின் கார் ஒன்றை வாங்கி, அதனைப் போட்டிகளில் ஓடத்தக்க வண்டியாகத் தம் கையாலேயே மாற்றி அமைத்தார். 1952இல் தம் நிறுவனத்தை நிறுவினார். பாலம் கட்டுவோர் ஒவ்வோர் இரும்புச் சட்டத்தையும் பார்த்து, “நீ தாங்கும் சுமை எவ்வளவு?” என்று கேட்பர் அல்லவா? சாப்மன் காரின் ஒவ்வோர் உறுப்பையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்டார். சுமை தாங்காத உறுப்பை நீக்கினார். தாங்கும் உறுப்பையும் வேண்டிய அளவுக்கு மேல் தடிப்பாக விடவில்லை. 1962ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் எலான் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை உருவாக்கும் பணியில் தலைமை தாங்கியவர் ரான் ஹிக்மன் என்பவர்.

வண்டி இலேசாக இருப்பதால் வரும் நன்மை யாது? ஒரு நன்மை மற்றொன்றைப் பெறும் என்பதே விடை. எடை குறைந்தால் சிறிய எஞ்சினே போதும். எஞ்சின் சிறிதானால் எரிபொருள் குறையும். பெட்ரோல் தொட்டியும் சிறிதாகும். தடுத்து நிறுத்த வேண்டிய சுமை குறைவதால் பிரேக்குகளும் டயர்களும் சிறியனவாக அமையலாம். இவ்வாறு ஒவ்வொன்றும் சுருங்கச் சுருங்க, வண்டி மேலும் இலேசாகிறது. எலானின் எஞ்சின் 1,558 கன சென்டிமீட்டர் அளவே உடையது. அதன் ஆற்றல் 105 குதிரைத்திறன். இன்றைய குடும்பக் கார்கள் பலவும் 1,200 கிலோகிராமைத் தாண்டிவிடுகின்றன. அவற்றுக்கு இவ்வாற்றல் அளவானதே. எனினும் இச்சிறு வண்டியை அது காற்றெனப் பறக்கச் செய்கிறது. வளைவுகளில் அது திரும்பும் விரைவைக் கண்டவர்கள் வியவாமல் இருப்பதில்லை.

வண்டியின் அமைப்பும் வியப்புக்குரியது. மீனுக்கு நடுமுள் இருப்பது போல, வண்டியின் நடுவே மெல்லிய எஃகுத் தகட்டை மடித்துப் பற்றவைத்த ஒரு பெட்டித் தண்டு ஓடுகிறது. முன்னும் பின்னும் அது கவையாகப் பிரிகிறது. எஞ்சினும் சக்கரங்களும் அக்கவைகளில் தாங்கி நிற்கின்றன. இதன்மேல் கண்ணாடியிழையால் ஆன உடல் ஆடைபோல் அமர்ந்துள்ளது. எஃகுச் சட்டத்தைத் தனியாக எடுத்தால் இரண்டு பேர் எளிதில் தூக்கிவிடலாம். மேலும், ஓர் உறுப்பே இரண்டு வேலைகளைச் செய்யுமாறு இவ்வண்டி திட்டமிடப்பட்டுள்ளது. முன்புறக் குறுக்குச் சட்டம் சக்கரங்களின் சுமையைத் தாங்குகிறது. உள்ளே குடைவாக இருப்பதால் வெற்றிடத்தைச் சேமித்து வைக்கும் கலமாகவும் பயன்படுகிறது. எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் அந்த வெற்றிடந்தான், மூடியிருக்கும் முன்விளக்குகளை மேலே எழுப்புகிறது.

இங்கேதான் பேணுவோனின் பொறுப்பு தொடங்குகிறது. கனத்த வண்டியில் மிகையான இரும்பு உண்டு. ஓரிடம் சிறிது தேய்ந்தாலும் மீதி தாங்கிக்கொள்ளும். இலேசான வண்டியில் அம்மிகை இல்லை. “அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது” என்பர் நம் முன்னோர். இவ்வண்டியிலோ ஒவ்வோர் ஆணியும் அச்சாணியே ஆகும்.

சான்றாக முன்சக்கரங்களைத் தாங்கும் செங்குத்துத் தண்டைக் கூறலாம். அதன் அடிமுனையில் மரை வெட்டப்பட்டு, ஒரு வெண்கலக் கட்டிக்குள் திருகப்பட்டிருக்கும். நாம் வண்டியைத் திருப்புந்தோறும் அம்மரை வெண்கலத்துக்குள் சுழல்கிறது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெயை இட வேண்டும். மற்ற மூட்டுகளைப் போலவே இதற்கும் கிரீசு போதும் என்று எண்ணுவோர் பலர். கிரீசு நாளடைவில் இறுகிவிடும். மரையின் அடிவரை சென்று சேராது. நீர் புகுந்து துருப்பிடிக்கும். பின்னர் ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் சாயும். ஒரு கரண்டி எண்ணெயின் விலை என்ன? ஓர் உயிரின் விலை என்ன? ஆண்டுதோறும் இளவேனிலில் எண்ணெய்ப் பீச்சியை எடுக்கும்போது இக்கேள்வியை நான் எண்ணிக்கொள்வதுண்டு.

பின்சக்கரங்களுக்கு ஆற்றலைக் கொண்டு செல்லும் தண்டுகளில் நான்கு ரப்பர் வளையங்கள் உள்ளன. தண்டு வளைந்து கொடுக்க வேண்டிய இடங்களில் அவை மூட்டுகளாகப் பயன்படுகின்றன. ரப்பர் முதிர்ந்தால் வெடிக்கும். ஓடும் வேகத்தில் ஒரு வளையம் அறுந்தால், கட்டவிழ்ந்த தண்டு சாட்டைபோல் சுழன்று அருகில் உள்ளவற்றை நொறுக்கிவிடும். ஆதலால் நெடும்பயணத்துக்கு முன்னர் வண்டியைத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, கைவிளக்கால் ஒவ்வொரு வளையத்தையும் பார்ப்பேன். என் மகள் சக்கரத்தை மெல்லச் சுழற்றுவாள். “அப்பா, இந்த இடத்தில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதே” என்று அவள் ஒருமுறை காட்டினாள். அவ்வாரப் பயணத்தைத் தள்ளிவைத்தோம். புதிய வளையம் வந்தபின்னரே புறப்பட்டோம். வண்டியில் இரண்டு இருக்கைகளே உள்ளன. அவற்றுள் ஒன்றில் அவள் அமர்கிறாள் என்பதை நான் மறப்பதில்லை.

மின்சாரத்திலும் இவ்வண்டி ஒரு பாடம் புகட்டும். இரும்புடல் கொண்ட காரில் மின்னோட்டம் விளக்குக்குக் கம்பி வழியே சென்று, உடல் வழியே மின்கலத்துக்குத் திரும்பும். கண்ணாடியிழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இங்கு ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வரும் கம்பி ஒன்று தனியே வேண்டும். விளக்கு மங்கினால் புதிய விளக்கை வாங்குமுன், அக்கம்பியின் முனையைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்துத் துலக்குதல் வேண்டும். பெரும்பாலும் ஒளி மீண்டுவிடும்.

வண்டி என்னிடம் வந்த மூன்றாம் ஆண்டில் பெருஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. மாலை வேளைகளில் முன்விளக்குகள், உறக்கம் வந்த கண்களைப் போல மெல்ல மெல்லத் தாழ்ந்தன. வெற்றிடம் எங்கோ கசிகிறது என்று உணர்ந்தேன். ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றினேன், கசிவு நிற்கவில்லை. அருகில் வாழும் முதிய பொறிவினைஞர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் குறுக்குச் சட்டத்தின் அடியைச் சிறு சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். ‘ணங், ணங்’ என்று ஒலித்த எஃகு ஓரிடத்தில் ‘பொத்’ என்றது. அவர் தலையை அசைத்தார். குளிர்காலத்தில் இந்நாட்டுச் சாலைகளில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவர். அவ்வுப்புநீர், மண் அடைத்துக்கொண்ட வடிதுளையில் தேங்கிப் பல்லாண்டுகளாக எஃகைத் தின்றிருந்தது. விளக்குகள் தாழ்ந்தது அதன் விளைவே. முன்சக்கரங்களைத் தாங்கும் சட்டமே அங்கு பலவீனப்பட்டிருந்தது.

“மேலே ஒரு தகட்டை ஒட்டிக் கறுப்பு வண்ணம் பூசி விற்றுவிடலாம்; வாங்குபவர்க்குத் தெரியாது” என்றார் அறிந்தவர் ஒருவர். விலை கேட்டு வந்தவரும் ஒருவர் இருந்தார். முதிய பொறிவினைஞர் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “வாங்குபவருக்குத் தெரியாது, சாலையில் உள்ள முதல் பள்ளத்துக்குத் தெரியுமே, ஐயா” என்றார். அவ்வொரு சொல் போதுமானதாக இருந்தது.

இரண்டு குளிர்காலங்கள் அவ்வேலையில் கழிந்தன. கம்பிகளையும் குழாய்களையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய சீட்டைக் கட்டினேன். போல்ட்டுகளைத் தனித்தனி டப்பாக்களில் இட்டேன். நண்பர்கள் ஐவர் வந்து கண்ணாடியிழை உடலைத் தூக்கி ஒருபுறம் வைத்தார்கள். பழைய சட்டத்தை விடுத்து, உருகிய துத்தநாகத்தில் தோய்த்தெடுத்த புதிய சட்டத்தை வாங்கினேன். துத்தநாகம் தான் அரிபட்டு எஃகைக் காக்கும் இயல்புடையது.

எஞ்சின் வெளியே இருந்த அந்நாளில் தண்ணீர்ப் பம்பையும் சோதித்தேன். ஃபோர்டு நிறுவனத்தின் வார்ப்பிரும்பு எஞ்சின்மேல், ஹாரி மண்டி என்பவர் வகுத்த அலுமினியத் தலைப்பகுதியை வைத்து அமைத்தது இவ்வெஞ்சின். இதில் தண்ணீர்ப் பம்பு முன்மூடிக்குள்ளேயே அடங்கியுள்ளது. எடையும் இடமும் மிச்சமாகின்றன. ஆனால் பம்பைப் பழைய முறையில் மாற்ற, மேலே தலைப்பகுதியையும் கீழே எண்ணெய்த் தொட்டியையும் கழற்றியாக வேண்டும். விசிறி வாரை மிகையாக இறுக்கினால் பம்பின் உருளைத் தாங்கி விரைவில் தேயும். ‘இன்னும் சிறிது இறுக்குவோம்’ என்னும் ஆசையை அடக்கினால் பல நாள் உழைப்பு மிச்சமாகும். தொழிலில் வலிமையைவிட அளவே பெரிதென்று அவ்வார் எனக்கு உணர்த்தியது.

வேலை முடிந்தபின் நண்பர் ஒருவர், “சட்டம் புதிது, குழாய்கள் புதியன, ரப்பர்கள் புதியன. இது பழைய வண்டிதானா?” என்று வினவினார். நல்ல வினா அது. நம் ஊர்க் கோயில் தேரை எண்ணிப் பார்த்தேன். அதன் சக்கரத்தை மாற்றுவர், அச்சை மாற்றுவர், உளுத்த மரத்தை எடுத்துப் புதிய மரத்தைச் செருகுவர். ஆயினும் பாட்டன் இழுத்த தேரையே பேரனும் இழுப்பதாக ஊரார் கருதுகின்றனர். அமைப்பும் நோக்கமும் மாறாமல் தொடர்ந்து வருவதால் அது அதே தேர். என் வண்டிக்கும் இவ்விடையே பொருந்தும் என்றேன்.

நோக்கம் மாறாமல் காப்பதும் எளிதன்று. குளிர்சாதனம் வைக்கலாம், பெரிய ஒலிபெருக்கி வைக்கலாம், கனத்த இருக்கைகள் வைக்கலாம் என்று ஆசை பல வழிகளில் அழைக்கும். ஒவ்வொன்றும் ஒரு சில கிலோகிராம்தான். ஆனால் சில பலவாகிச் சேரும்போது வண்டி தன் இயல்பை இழந்துவிடும். ஆதலின் எதனைச் சேர்ப்பதாயினும் முதலில் தராசில் வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

பிரிட்டனில் நாற்பது ஆண்டைக் கடந்த, பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு, ஆண்டுச் சோதனையிலிருந்து 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. எனினும் நான் ஆண்டுதோறும் வண்டியைச் சோதனைக்குக் கொண்டு செல்கிறேன். சட்டம் என்னை விடுவித்தது. எதிரே வரும் மிதிவண்டிக்காரரின் உயிர் என்னை விடுவிக்கவில்லை. 2021 செப்டம்பரில் பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல் அங்கு பொதுவழக்காயிற்று. அது பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்க வல்லது. கண்ணாடியிழை உடலில் தீப்பற்றினால் அணைத்தல் அரிது. எனவே அதனைத் தாங்கும் குழாய்களைப் பொருத்தினேன். தீயணைப்புக் கருவி ஒன்றையும் இருக்கைக்குப் பின் வைத்தேன். தராசில் வைத்துப் பாராமலே நான் ஏற்றிய சுமை அஃதொன்றே.

வலியதைக் காக்க வலிமை போதும். மெல்லியதைக் காக்க விழிப்பு வேண்டும். வண்டி ஒலியால் பேசும்; அதிர்வால் பேசும்; மங்கும் விளக்காலும் பேசும். செவிசாய்ப்பவனுக்கு அது நெடுங்காலம் உழைக்கும். நம் கையில் உள்ள மிதிவண்டியும் கடிகாரமும் தையற்பொறியும் அவ்வாறே பேசுகின்றன. அவற்றுக்கு வாரம் ஒருமுறை சிறிது நேரமும் ஒரு துளி எண்ணெயும் அளிப்போமாயின், பிறர் தூக்கி எறியும் பொருள்கள் நம்மிடத்தில் நீடு வாழும்.